உறைபனியைச் செய்ய முயன்ற வைத்தியர்

வெயில் வேறு, புழுக்கம் வேறு என்பதைச் சென்னைவாசிக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வேலூரிலே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனாலும் நிழலில் ஒதுங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பானைத் தண்ணீரை ஒரு செம்பு குடித்தால் உடம்பு சற்றே ஆறிவிடும். கடற்கரைப் பட்டணத்திலோ, உஷ்ணமானி நாலு டிகிரி குறைத்தே காட்டினாலும், கொடியில் போட்ட வேஷ்டி சாயங்காலம்வரை ஈரம் காயாமல் தொங்க, முதுகில் வழிகிற வியர்வை வழிந்துகொண்டே இருக்க, நிழலும் உதவுவதில்லை, விசிறியும் உதவுவதில்லை. காற்றிலே முன்பே நிரம்பியிருக்கும் நீராவி நம் மேனியின் வியர்வைக்கு இடம் கொடுக்க மறுக்கிறது; வியர்வை ஆவியாகாதபோது உடம்பு குளிர வேறு வழி கிடையாது. இந்தப் புழுக்கத்தை நாம் தலைமுறை தலைமுறையாகச் சகித்து வந்திருக்கிறோம். அதை ஒரு சத்துருவாகப் பாவித்து, யந்திரத்தைக் கொண்டு அறைக்குள்ளிருந்தே விரட்டிவிடலாம் என்று ஒருவர் தம் தொழிலையும் சொத்தையும் பணயம் வைத்துப் புறப்பட்டது, ஐக்கிய அமெரிக்காவின் தென்கோடியில், மெக்ஸிகோ வளைகுடாவின் கரையிலிருந்த ஒரு சிறு துறைமுகத்தில். அவர் வைத்தியர், பெயர் ஜான் கோரி. அந்த எண்ணம் அந்த ஊரில், அந்த மனிதருக்குத் தோன்றியதற்கு அந்தப் பிரதேசத்தின் விசித்திரமான சீதோஷ்ணமே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

விசித்திரம் என்று நான் சொல்வது காரணமில்லாமல் அல்ல. ரஷ்யாவில் பிறந்து ஜெர்மனியில் நெடுங்காலம் பணிபுரிந்த விளாதிமிர் கெப்பன் என்ற அறிஞர், 1884 தொடங்கித் தம் முதுமைவரை, உலகத்தின் சீதோஷ்ண நிலைகளை வகுப்பதும் வகுத்ததைத் திருத்துவதுமாகவே காலம் கழித்தார். தாவரங்கள் எங்கே எது செழிக்கும் என்பதையே அவர் உரைகல்லாகக் கொண்டார். அவருடைய பகுப்பில், மிக உஷ்ணமான மாதத்தின் சராசரி 22 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும், மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி 18 டிகிரிக்குக் கீழும், ஆண்டு முழுவதும் மழை ஏறக்குறையப் பரவலாகவும் இருக்கிற ஒரு வகை உண்டு. ஈரமான உப உஷ்ணச் சீதோஷ்ணம் என்று அதைச் சொல்லலாம். அமெரிக்காவின் தென்கிழக்கு, சீனத்தின் யாங்ட்ஸீ ஆற்று வெளி, ஜப்பானின் தென்பகுதி, ப்யூனஸ் அயர்ஸைச் சுற்றிய சமவெளி, ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையில் பிரிஸ்பேன், ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையில் டர்பன் என்று படத்தில் அதைத் தேடிக்கொண்டு போனால், ஒரு விஷயம் கண்ணில் படும்: இவை எல்லாமே கண்டங்களின் கிழக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மேற்குப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை என்றே சொல்லிவிடலாம்.

ஒரே அட்சரேகைக்கு அருகில், அமெரிக்காவின் கீழ்க்கரையில் சவானாவும் மேல்கரையில் ஸான் டியேகோவும் இருக்கின்றன. முன்னதில் வருஷத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை. பின்னதில் 250 மில்லிமீட்டர் பெய்தால் பெரிது. சூரியன் இரண்டு ஊருக்கும் ஒரே உயரத்தில்தான் ஏறி இறங்குகிறான். வித்தியாசமெல்லாம் கடலிலிருந்து வருவது. கடக ரேகைக்குச் சற்று வடக்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தின்மேல் கோடைகாலம் முழுவதும் ஒரு பெரிய உயரழுத்த மண்டலம் கவிழ்த்த அண்டாவைப்போல் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றிக் காற்று கடிகார முள் செல்லும் திசையிலே சுழலும். சுழலின் மேற்கு விளிம்பு, கோடையில் 29, 30 டிகிரிவரை வெதும்பிக் கிடக்கிற மெக்ஸிகோ வளைகுடாவின் நீர்ப்பரப்பைத் தடவி, அங்கே ஏற்ற முடிந்த ஈரத்தை எல்லாம் ஏற்றிக்கொண்டு, வடக்கே தரைக்குள் நுழைகிறது. பஸிபிக் சமுத்திரத்திலும் இத்தகைய ஒரு மண்டலம் உண்டு. ஆனால் கலிபோர்னியாவுக்கு வாய்த்தது அதன் கிழக்கு விளிம்பு. அங்கே காற்று மேலிருந்து கீழே அமிழ்ந்து உலர்ந்துபோகிறது. அதனடியில் ஓடுவதோ வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டம். ஆகவே ஒரு கரையில் கத்தரிப்பூ நிறத்து மேகங்கள் பிற்பகல்தோறும் திரண்டு இடியோடு கொட்ட, மறுகரையில் கோடை முழுவதும் ஒரு தூற்றல்கூடக் காண அரிது.

இவ்வளவோடு நின்றிருந்தால் அமெரிக்கத் தெற்கும் நம் கடற்கரையைப்போல் இன்னொரு புழுக்க நாடாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பிரதேசத்துக்கு இரண்டு முகங்கள். நமக்கு வடக்கே இமயம் கிழக்கு மேற்காகப் படுத்து, மத்திய ஆசியாவின் குளிர்காற்று இறங்காதபடி மதில் எடுத்து நிற்கிறது. வட அமெரிக்காவின் மலைத்தொடர்களோ வடக்கு தெற்காக ஓடுகின்றன. துருவப் பிரதேசத்துக்கும் மெக்ஸிகோ வளைகுடாவுக்கும் நடுவே வழியை மறிக்க ஒரு குன்றும் கிடையாது. கனடாவின் பனிவெளியில் கனத்துத் தேங்கிய காற்று ஒருநாள் புறப்பட்டால், ஓரிரு தினங்களில் ஆரஞ்சுத் தோப்புகளுக்குள் வந்து நிற்கும். 1894 டிசம்பரிலும் 1895 பிப்ரவரியிலும் அப்படி வந்த இரண்டு குளிர் அலைகள் புளோரிடாவின் ஆரஞ்சு விவசாயத்தையே அழித்தன. பிழைத்தவர்கள் தோப்புகளை இன்னும் தெற்கே கொண்டுபோய் நட்டார்கள். 1899 பிப்ரவரியிலோ, புளோரிடாவின் தலைநகரான டல்லஹாஸியில் உஷ்ணமானி உறைநிலைக்குக் கீழே 19 டிகிரிக்கு இறங்கிற்று. மிஸிஸிப்பி நதி பனிப்பாளங்களைச் சுமந்துகொண்டுவந்து வளைகுடாவில் கொட்டிற்று. ஆவணியில் கொசுவும் அழுகலுமாகக் கிடக்கும் நாடு, தையில் உறைபனி கண்டு விறைக்கும். கோடையில் நம்மவர் போலவும் குளிரில் வேறு யாரோ போலவும் வாழ நேர்ந்த அந்த ஜனங்களுக்கு, இந்த இரண்டாவது முகமே பிற்பாடு ஒரு யுக்தியைக் கற்பித்தது.

அந்த நாட்டின் செல்வம் அந்தப் புழுக்கத்திலிருந்தே விளைந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. கரோலினாக் கரையில் நெல், உள்நாட்டில் பருத்தி, மிஸிஸிப்பியின் முகத்துவாரத்தில் கரும்பு ஆகிய மூன்றும் நீண்ட ஈரக்கோடையை வேண்டுகிற பயிர்கள். அவற்றைப் பயிரிட்டவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல்விளையும் கரைகளிலிருந்து வந்தவர்களுக்குச் சதுப்பைக் கட்டி நீர் பாய்ச்சும் வித்தை முன்பே கைவந்திருந்தது. அந்த வித்தைக்காகவே அவர்களை விலை கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. வெள்ளையருக்கு இந்தச் சீதோஷ்ணத்தில் உழைக்க இயலாது, கறுப்பருக்கு இது இயற்கை என்று எஜமானர்கள் சொல்லிக்கொண்டது சாஸ்திரம் அன்று, சௌகரியம். வைகாசி பிறந்ததும் அந்த எஜமானர்கள் பண்ணைகளை விட்டுச் சார்ல்ஸ்டன் பட்டணத்துக்கோ வடக்கே நியூபோர்ட்டுக்கோ போய்விடுவார்கள். முதல் உறைபனி விழுந்த பிறகுதான் திரும்புவார்கள். அடிமைகள் மட்டும் அங்கேயே இருந்தார்கள்.

சார்ல்ஸ்டனின் பழைய வீடுகளைப் பார்த்தால் அவை தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுபோல் தோன்றும். அகலத்தில் ஓர் அறை, நீளத்தில் இரண்டு மூன்று அறை, பக்கவாட்டில் தெற்கு அல்லது மேற்கு நோக்கி நெடுக ஓடும் தாழ்வாரம். கடற்காற்று ஒரு சன்னலில் நுழைந்து மறு சன்னலில் வெளியேற வேண்டும் என்பதற்காகவே வகுத்த அமைப்பு. செல்வர் மாளிகைகளில் சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒரு பெரிய மரப்பலகையைத் தொங்கவிட்டு, ஓர் அடிமைச் சிறுவன் மூலையில் நின்று கயிற்றை இழுத்து அதை அசைத்துக்கொண்டிருப்பான். நாச்சஸ் நகரத்து மெல்ரோஸ் மாளிகையில் அது இன்னும் தொங்குகிறது. அங்கே அதற்குப் பெயர் என்ன தெரியுமா? ‘பங்கா’. நம் கச்சேரிகளில் துரைமார் தலைக்குமேல் ஆடிய அதே பங்கா, பெயரும் மாறாமல் பாதி உலகத்தைக் கடந்து போயிருக்கிறது.

காற்றை அசைத்தால் வியர்வை கொஞ்சம் உலரும்; ஜுரம் நீங்காது. கோடை முற்றியதும் மஞ்சள் ஜுரம் துறைமுகங்களுக்குள் புகுந்துவிடும். 1853-ல் நியூ ஆர்லியன்ஸில் மாத்திரம் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். 1878-ல் மெம்பிஸ் நகரம் 5,000-க்கும் அதிகமானவர்களைப் பறிகொடுத்து, மறு வருஷம் தன் நகர அந்தஸ்தையே இழந்தது. அழுகிய தாவரங்களிலிருந்தும் சேற்றிலிருந்தும் எழும் துர்வாயுவே ஜுரத்துக்குக் காரணம் என்பது அக்கால வைத்திய சித்தாந்தம். ஆகையால் நியூ ஆர்லியன்ஸில் காற்றைச் சுத்தி செய்வதற்காகப் பீப்பாய் பீப்பாயாகத் தார் கொளுத்தினார்கள், பீரங்கிகளை வெடித்தார்கள். பீரங்கிச் சத்தத்தில் நோயாளிகள் இன்னும் துடித்ததுதான் மிச்சம். இவ்வளவு குழப்பத்துக்கும் நடுவே ஒரே ஓர் உண்மையை மட்டும் படித்தவரும் படிக்காதவரும் ஒருங்கே கண்டிருந்தார்கள்: முதல் உறைபனி விழுந்த இரவோடு ஜுரம் ஒடுங்கத் தொடங்கிவிடும்.

நம் கரையில் உறைபனி விழுவதில்லை. ஆதலால் குளிர் வந்தால் ஜுரம் போகும் என்ற பாடத்தை நம் வானம் நமக்குக் கற்பிக்க வழியில்லை. அந்தப் பாடம் நடக்க வேண்டுமானால் கொசு பெருகும் கோடையும் அதைக் கொல்லும் குளிரும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில் வர வேண்டும்.

ஜான் கோரி 1833-ல் அப்பலாச்சிகோலா என்ற ஊருக்கு வந்தார். அதே பெயருள்ள ஆறு வளைகுடாவில் கலக்கும் இடத்தில் அமைந்த பருத்தித் துறைமுகம் அது. உள்நாட்டிலிருந்து நீராவிப் படகுகளில் வந்த பருத்திப் பொதிகள் அங்கே கப்பலேறும். கோரி வைத்தியம் பார்த்தார், தபால் வேலை பார்த்தார், 1837-ல் நகரத் தலைவரானார். சதுப்புகளைத் தூர்க்க வேண்டும், ஊரைத் துப்புரவாக வைக்க வேண்டும் என்று ஓயாமல் சொல்லிவந்தார். 1841-ல் அடுத்த ஊரான செயின்ட் ஜோஸப்பை மஞ்சள் ஜுரம் அநேகமாகத் துடைத்துவிட்டது. உறைபனி ஜுரத்தை ஒழிக்கிறது என்றால், உறைபனிக்காகக் கார்த்திகைவரை காத்திருப்பானேன், ஆடியிலேயே அதை அறைக்குள் வரவழைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று.

அவர் முதலில் செய்த ஏற்பாடு எளிமையானது. நோயாளியின் அறையில் உத்தரத்திலிருந்து ஒரு பாத்திரத்தைத் தொங்கவிட்டு அதில் பனிக்கட்டியை நிரப்பினார். வெளிக்காற்று புகைபோக்கி வழியாக இறங்கி அந்தப் பனிக்கட்டியின்மேல் படும். குளிர்ந்த காற்று கனம் மிகுந்தது ஆகையால் கட்டிலை நோக்கித் தானே வழிந்து, நோயாளியின் மேல் பரவி, தரையோரத்தில் விட்டிருந்த துவாரத்தின் வழியே வெளியேறும். ஜன்னி கண்டு பிதற்றியவர்கள் அந்தக் குளிர்ச்சியில் கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பார்கள் என்று நம்பலாம். ஆனால் பனிக்கட்டி எங்கிருந்து வரும்?

அது பாஸ்டனிலிருந்து வந்தது. பிரடெரிக் டியூடர் என்பவர் 1806-ல், பாஸ்டனுக்கு அருகிலிருந்த குளத்தில் அறுத்தெடுத்த சுமார் 130 டன் பனிக்கட்டியை மார்ட்டினிக் தீவுக்குக் கப்பலில் அனுப்பி, ஊராரின் நகைப்பையும் பெருநஷ்டத்தையும் சம்பாதித்துக்கொண்டார். கடனுக்காகச் சிறைக்கும் போனார், விடவில்லை. மரமறுக்கும் ஆலைகள் ஆற்றில் எறிந்துகொண்டிருந்த மரத்தூள் பனிக்கட்டியை உருகாமல் காக்கும் என்று கண்டார். 1825-ல் நதானியேல் வைத் என்பவர் குதிரை பூட்டிய கலப்பையால் உறைந்த குளத்தை உழுது, பாத்தி பாத்தியாகப் பாளம் பெயர்க்கும் கருவியைச் செய்துகொடுத்த பின், வியாபாரம் சூடுபிடித்தது. பனிக்கட்டிக்கு இந்தச் சொல் பொருந்துமானால். சார்ல்ஸ்டன், சவானா, நியூ ஆர்லியன்ஸ் எல்லாம் அவருக்கு வாடிக்கையாயின. 1833-ல் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன்னை ஏற்றிக்கொண்டு, பூமத்தியரேகையை இருமுறை தாண்டி, நாலு மாதங்களுக்குப் பிறகு சுமார் 100 டன் உருகாமல் கல்கத்தாவில் கொண்டு சேர்த்தது. 1842-ல் சென்னைக் கடற்கரையிலே பனிக்கட்டியைச் சேமிக்க ஒரு வட்டக் கட்டடம் எழுந்தது. 1897-ல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். பனிக்கட்டி நின்று நூறு வருஷத்துக்கு மேலாகியும் திருவல்லிக்கேணி பஸ் கண்டக்டர்கள் ‘ஐஸ் அவுஸ்’ என்றுதான் கூவுகிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் தோரோ, தாம் கரையில் வாழ்ந்த வால்டன் குளத்தில் டியூடரின் ஆட்கள் பனிக்கட்டி அறுத்ததைக் கண்டு எழுதியபோது, அதைப் பருகப்போகிறவர்களின் ஊர்களாகச் சார்ல்ஸ்டனையும் நியூ ஆர்லியன்ஸையும் குறிப்பிட்டு, அதே மூச்சில் சென்னையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். டியூடரின் கணக்குப் புத்தகத்தில் எந்த ஊர்ப் புழுக்கமும் ஒன்றுதான்.

ஆனால் கடல் வழியாக வரும் பனிக்கட்டி கப்பலை நம்பியது. வடக்கில் குளிர்காலம் கடுமையாக இல்லாத ஆண்டில் குளம் சரியாக உறையாது. உறைந்தாலும் அப்பலாச்சிகோலாவில் விலை எட்டாத உயரத்தில் நிற்கும். ஏழை மாலுமிக்கும் கூலிக்காரனுக்கும் அதைக் கொண்டு சிகிச்சை செய்வது எப்படி? கோரி யந்திரத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். காற்றை அமுக்கினால் சூடேறும். அமுக்கிய நிலையிலேயே அந்தச் சூட்டைத் தண்ணீரால் வாங்கிவிட்டு, பிறகு காற்றை விரிய விட்டால், அது குளிர்ந்துபோய், சுற்றியுள்ள உஷ்ணத்தைப் பறித்துக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பையனுக்கு முதற்பாதி தெரியும், பம்பின் அடி அவன் கையைச் சுடும். பிற்பாதியைப் பிடித்துக்கொண்டவர் கோரி. 1844-ல் ‘ஜென்னர்’ என்ற புனைபெயரில் உள்ளூர்ப் பத்திரிகையில் தம் கருத்துக்களை எழுதினார். மறு வருஷம் வைத்தியத்தையே விட்டுவிட்டு யந்திரத்தில் மூழ்கினார். 1850-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரரின் விழா நாளாகிய ஜூலை 14-ந் தேதி நடந்த ஒரு விருந்தில், கப்பலில் பனிக்கட்டி வராமல் விருந்தினர்கள் தவித்துக்கொண்டிருந்தபோது, பணியாட்கள் கோரியின் யந்திரம் செய்த பனிக்கட்டியைத் தட்டுகளில் ஏந்திவந்து சபையைத் திகைக்க வைத்ததாக ஒரு கதை அந்த ஊரில் வழங்குகிறது. 1851 மே 6-ந் தேதி அவருக்கு அமெரிக்க அரசாங்கத்தின் பேடண்ட் கிடைத்தது. அதன் எண் 8,080.

அதோடு அவருடைய நல்ல காலம் முடிந்தது. கடவுளைப்போல் தானும் பனிக்கட்டி செய்வதாக ஒரு கிறுக்கன் தெற்கே இருக்கிறான் என்று நியூயார்க்கில் பரிகசித்ததாகச் சொல்வார்கள். பணம் போட முன்வந்த கூட்டாளி இறந்துபோனார். நியூ ஆர்லியன்ஸில் அலைந்தும் வேறு ஒருவர் கிடைக்கவில்லை. பனிக்கட்டி வியாபாரிகளே தமக்குக் குழி பறிப்பதாகக் கோரி கருதினார். மனம் நொந்த நிலையில் 1855 ஜூனில் காலமானார். டியூடரின் விடாமுயற்சியை நான் மெச்சுகிறேன். ஆனால் கோரியிடம்தான் எனக்குப் பரிவு. முன்னவர் புழுக்கத்தில் பனிக்கட்டியை விலைக்கு வாங்குவோரைத் தேடிப் போனார். பின்னவர் அதிலே கிடந்து துடிக்கிற நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து யோசித்தார்.

அவர் யோசித்தது பிழையான சித்தாந்தத்தின்மேல் என்பதுதான் வேடிக்கை. 1881-ல் ஹவானாவில் கார்லோஸ் பின்லே கொசுவின்மேல் குற்றம் சாட்டினார். 1897-ல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாவின் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். 1900-ல் வால்டர் ரீடின் குழுவினர் மஞ்சள் ஜுரத்தையும் கொசுவே பரப்புகிறது என்று நிரூபித்தார்கள். உறைபனி துர்வாயுவை அடக்கவில்லை, கொசுவைக் கொன்றது. கோரியின் அறை ஜுரத்துக்கு மருந்தல்ல. 1905-ல் நியூ ஆர்லியன்ஸில் மஞ்சள் ஜுரம் கடைசித் தடவையாகத் தலைகாட்டியபோது, தண்ணீர்த் தொட்டிகளை மூடியும் மண்ணெண்ணெய் ஊற்றியும் அதை அடக்கினார்கள். காற்றின்மேல் இருந்த வழக்கு தள்ளுபடியாயிற்று. காற்றைக் குளிர்விக்கும் யந்திரம் மாத்திரம் மிச்சமாயிற்று.

அதற்கும் வேறு எஜமானர்கள் கிடைத்தார்கள். உள்நாட்டு யுத்தம் மூண்டு வடக்கிலிருந்து பனிக்கட்டி வருவது நின்றபோது, பிரான்ஸில் பெர்டினான்ட் கார்ரே என்பவர் செய்த அம்மோனியா யந்திரங்கள் முற்றுகையைத் தாண்டித் தெற்கே வந்து சேர்ந்தன. பிறகு ஊருக்கு ஊர் ஐஸ் தொழிற்சாலை. மனிதனின் புழுக்கத்துக்காக அன்றி, சரக்கின் புழுக்கத்துக்காகவே அடுத்த படி ஏறப்பட்டது. 1902-ல் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரக்காற்றால் காகிதம் உப்பி, ஒரு நிறத்தின்மேல் அடுத்த நிறம் சரியாகப் படியாமல் விலகியது. காற்றின் ஈரப்பதத்தையே கட்டுக்குள் கொண்டுவரும் ஏற்பாட்டை வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் அமைத்தார். ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரை இட்டவரோ வட கரோலினாவின் ஷார்லட் நகரத்து ஸ்டூவர்ட் கிரேமர். பஞ்சாலைகளில் நூல் இழை வறண்டு அறுந்துபோகாமலிருக்க, 1906-ல் அவர் செய்தது காற்றுக்கு ஈரம் ஊட்டுவது. புழுக்க நாட்டிலேயே ஒருவர் ஈரம் போதவில்லை என்று யந்திரம் வைத்தார்!

அதன்பின் நடந்தது வேகமாக நடந்தது. சினிமாக் கொட்டகை, 1928-ல் ஸான் அன்டோனியோவில் அடி முதல் முடிவரை குளிரூட்டிய 21 மாடி மைலம் கட்டடம், 1950-களில் சன்னலில் பொருத்தும் பெட்டி. 1950-ல் ஏறத்தாழ 28 லட்சம் பேர் வசித்த புளோரிடாவில் 2000-ல் 1 கோடியே 60 லட்சம் பேர் வசித்தார்கள். வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் ஆட்டு நாற்காலி போட்டு, அண்டை அயலாருடன் இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்த வழக்கம் மெல்ல மறைந்தது. சன்னல்கள் சாத்திக்கொண்டன.

கோரியை அவருடைய மாநிலம் மறக்கவில்லை. வாஷிங்டனில் சட்டசபை மாளிகையின் சிலை மண்டபத்தில், மாநிலங்கள் தத்தம் பெருமக்களின் உருவங்களை நிறுத்தும் இடத்தில், புளோரிடா 1914-ல் தன் முதல் சிலையாக இந்த வைத்தியரின் பளிங்குருவத்தை வைத்தது. வாஷிங்டனும் புழுக்கத்துக்குப் பேர்போன ஊர்தான். அங்கத்தினர்கள் கோடை வந்ததும் கோட்டைக் கழற்ற முடியாத குறையாகச் சபையைக் கலைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அந்த மண்டபத்துக்குப் பக்கத்திலிருக்கும் பிரதிநிதிகள் சபைக்குக் கேரியரின் யந்திரங்கள் 1928-ல் வந்தன. செனட் சபைக்கு மறு வருஷம். அதுவரை பதினாலு கோடைகள், குளிர்ந்த காற்றைக் கண்டுபிடிக்கப் பாடுபட்டவர் அந்த வெக்கையில் நின்றுகொண்டிருந்தார்.